ஒரே பக்கம் சுழலும் மத்து

விழிஞ்ஞத்து அலைமின் நிலையத்தைப் பார்ப்பதற்கு முன்பே அதன் சத்தத்தைக் கேட்டுவிட்டேன்.

1992ஆம் ஆண்டு. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் இரண்டாம் ஆண்டு. கேரளத்தில் அலையிலிருந்து கரண்ட் எடுக்கிறார்களாம் என்று வகுப்பில் பேச்சு வந்தது. அடுத்த சனிக்கிழமையே நானும் கூட்டாளிகள் இருவரும் நாகர்கோவிலில் திருவனந்தபுரம் பஸ் ஏறி, பாலராமபுரத்தில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். மீன்பிடித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரில் நடக்க நடக்க ஓர் இரைச்சல் பெரிதாகிக்கொண்டே வந்தது. கொல்லன் பட்டறைத் துருத்தி வீடளவு இருந்தால் எப்படி ஊதுமோ அப்படி. நீண்டதோர் இரைச்சல், ஒரு கணம் ஓய்வு, மறுபடி இரைச்சல்.

இரும்புப் பாலம் ஒன்றின் மறுமுனையில், கடலுக்குள், சாம்பல் நிறக் கான்கிரீட் பெட்டி ஒன்று உட்கார்ந்திருந்தது. அவ்வளவுதான். சக்கரமும் இல்லை, மிதவையும் இல்லை. இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று ஒருவன் முனகினான். பாலத்தருகே நின்றிருந்த ஊழியருக்குத் தமிழ் தெரிந்திருந்தது. எங்கள் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டாரோ என்னவோ, ஒரு வாக்கியம் சொன்னார்: “மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் உள்ளே சக்கரம் ஒரே பக்கமாகத்தான் சுற்றும், தம்பி.”

நாங்கள் நம்பவில்லை. காற்றாடியை ஊதினால் ஒரு பக்கம் சுற்றும், உறிஞ்சினால் மறுபக்கம் சுற்றும். திரும்பும் வழியெல்லாம் இதே சண்டை. வீட்டுக்கு வந்தபோது அம்மாச்சி தயிர் கடைந்துகொண்டிருந்தாள். கயிற்றின் ஒரு தலையை இழுத்தால் மத்து வலமாக, மறுதலையை இழுத்தால் இடமாக. அந்த ஊழியர் சொன்னது உண்மையென்றால், எந்தத் தலையை இழுத்தாலும் வலமாகவே சுழலும் ஒரு மத்து உலகத்தில் இருக்க வேண்டும். பாற்கடலைக் கடைந்த தேவர்களிடமும் அசுரர்களிடமும்கூட அப்படியொன்று இருந்ததாகத் தெரியவில்லை.

இருக்கிறது. அதற்கு வெல்ஸ் டர்பைன் என்று பெயர். பெல்ஃபாஸ்ட் நகரத்துக் குயின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வெல்ஸ் 1970களின் பிற்பகுதியில் உருவாக்கியது. உருக்கு எப்படி விரிசல் விடுகிறது என்ற ஆராய்ச்சியில் பெயர் பெற்ற மனிதர் அவர். கடலில் இறங்க நினைப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான முன்படிப்பு கிடையாது.

சாதாரண மின்விசிறியின் இறக்கை சாய்ந்திருக்கும், ஒரு பக்கம் வளைந்திருக்கும். வெல்ஸ் இறக்கைக்குச் சாய்வே இல்லை. இருபக்கமும் ஒரே வளைவு, முன்முனை தடிப்பு, பின்முனை மெலிவு. மீனைக் குறுக்கே வெட்டாமல் மேலிருந்து பார்த்தால் தெரிகிற வடிவம். அதைச் சக்கரத்தின் தளத்திலேயே தட்டையாகப் பொருத்தியிருப்பார்கள். சக்கரம் ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கும்போது காற்று கீழிருந்து வந்தாலும் மேலிருந்து வந்தாலும், இறக்கையின் தடித்த முனையைச் சற்றுச் சாய்வாகவே சந்திக்கும். அந்தச் சாய்வில் எழும் விசையின் ஒரு பங்கு இறக்கையை முன்னால் தள்ளும். காற்றின் திசை மாறினாலும் “முன்னால்” மாறாது. தந்திரம் அவ்வளவே. “ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கும்போது” என்பதைக் கவனியுங்கள். நின்ற நிலையிலிருந்து இந்தச் சக்கரம் எளிதில் கிளம்பாது. காற்று மிஞ்சினாலும் முரண்டு பிடிக்கும். விசை சட்டென்று விழுந்துவிடும். சத்தமோ ஊரைக் கூட்டும். ஆனாலும் வால்வு வேண்டாம், கதவு வேண்டாம், தண்ணீரில் நனையும் பாகம் எதுவும் வேண்டாம்.

விழிஞ்ஞத்துப் பெட்டியின் சங்கதி இதுதான். சென்னை ஐஐடிக்காரர்கள் கட்டி, 1991 அக்டோபரில் ஓடவிட்டார்கள். சுமார் 3,000 டன் எடையுள்ள கான்கிரீட் கூடு, பத்து மீட்டர் ஆழத்தில் கடலின் தரையில் அமர்ந்தது. குடித்து முடித்த டம்ளரைத் தண்ணீரில் கவிழ்த்துப் பிடிப்பதைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். டம்ளரின் ஒரு பக்கத்தில், நீர்மட்டத்துக்குக் கீழே, கடலைப் பார்த்து ஒரு வாசல். அலை வரும்போது உள்ளே நீர் ஏறுகிறது, மேலேயுள்ள காற்றை நெருக்குகிறது. அலை இறங்கும்போது உறிஞ்சுகிறது. டம்ளரின் அடிப்பக்கத்தில், அதாவது இப்போது மேலே இருக்கும் பக்கத்தில், ஓர் ஓட்டை. அதில்தான் டர்பைன்.

காற்று எதற்கு, தண்ணீரையே சக்கரத்தில் விடக்கூடாதா என்று கேட்கலாம். நானும் கேட்டேன். விடை வேகத்தில் இருக்கிறது. அந்தக் கூட்டின் உள்பரப்பு ஏறக்குறைய 10 மீட்டருக்கு 8 மீட்டர். அது மேலே போகப் போகக் குறுகி 2 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் முடிகிறது. பரப்பு இருபத்தைந்து மடங்கு சுருங்குகிறது. உள்ளே நீர் நான்கு விநாடியில் ஒரு மீட்டர் ஏறினால், விநாடிக்குக் கால் மீட்டர், ஆமை வேகம். அதே நேரத்தில் ஓட்டை வழியாகக் காற்று விநாடிக்கு ஆறு மீட்டருக்கு மேல் பாய்கிறது. ஜெனரேட்டர் என்பது வேகத்தில் பிழைக்கும் பிராணி. அலையோ பலசாலி, ஆனால் சோம்பேறி. இருவருக்கும் நடுவே தரகு வேலை பார்க்கிறது காற்று.

நான் படிப்பை முடித்து மோட்டார் காயில் கட்டும் கடை வைத்து முப்பது வருடமாகிறது. ஆகவே ஜெனரேட்டர் பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. விழிஞ்ஞத்தில் இருந்தது 150 கிலோவாட் இண்டக்‌ஷன் ஜெனரேட்டர். ஆடம்பரமான பெயர், உங்கள் மாவு மில்லில் ஓடுகிற மோட்டாரின் ஒன்றுவிட்ட சகோதரன்தான். நாலு போல், அதாவது நாலு காந்தத் துருவம், உள்ள மோட்டாரை நம் ஊர் லைனில் மாட்டினால் நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்குச் சற்றுக் கீழே ஓடும், கரண்டைத் தின்னும். அதே மோட்டாரின் அச்சை வேறு யாராவது 1,500க்கு மேல் தள்ளிச் சுற்றினால், தின்றதை லைனுக்கே திருப்பிக் கொடுக்கும். எல்லை அந்த எண்தான். அலை நன்றாக இருக்கும்போது ஜெனரேட்டர், அலை இளைத்தால் அதுவே மோட்டார்! கடலிலிருந்து கரண்ட் எடுக்கப் போய், கடற்காற்றை விசிற நாம் கரண்ட் கொடுக்கும் நிலை. ஒவ்வோர் அலைக்கும் இரண்டு தடவை உற்பத்தி ஏறி இறங்கும். லைன் பராமரிக்கிறவருக்கு இதைவிடத் தலைவலி வேண்டாம்.

இதைச் சொல்வதால் அந்த நிலையத்தைக் குறை சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். இருபது ஆண்டு கடலில் நின்ற ஒரு பெட்டி அது. டர்பைனை மாற்றிப் பார்த்தார்கள். பின்னாளில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் அதன் மின்சாரத்தைக் கொண்டு கடல்நீரைக் குடிநீராக்கும் கருவியை 2004இல் ஓட்டிக் காட்டியது. நாளொன்றுக்குப் பத்தாயிரம் லிட்டர் என்பது திட்டம். எனக்கு அது மிகவும் பிடித்த யோசனை. லைனுக்குத்தான் கரண்ட் சீராக வர வேண்டும். தொட்டிக்கு அந்தக் கவலை இல்லை. விட்டு விட்டு வந்தாலும் தண்ணீர் தண்ணீர்தான். 2011 வாக்கில் நிலையத்தை மூடிவிட்டார்கள்.

அலையில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. ஆழ்கடல் அலையின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்குங்கள். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைப்பட்ட விநாடிகளால் மறுபடி பெருக்குங்கள். பாதியாக்குங்கள். ஒரு மீட்டர் அகலத்துக்கு இத்தனை கிலோவாட் என்று வரும். ஒரு மீட்டர் உயரம், ஆறு விநாடி: மூன்று கிலோவாட். இரண்டு மீட்டர், எட்டு விநாடி: பதினாறு. விழிஞ்ஞத்தில் ஆண்டுச் சராசரி 13 அளவில் இருந்தது. இப்போது புயல் நாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எட்டு மீட்டர், பன்னிரண்டு விநாடி: 384.

அந்தக் கடைசி எண்ணில்தான் இந்தத் தொழிலின் மொத்தக் கண்ணீரும் இருக்கிறது. பதினாறுக்காகக் கட்டிய இயந்திரம் 384ஐத் தாங்க வேண்டும். தாங்கினால் கூலி உண்டா? கிடையாது. புயலன்று உற்பத்தியை நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். இரும்பும் கான்கிரீட்டும் பெரும்பகுதி அந்த ஒரு நாளுக்காக. வருமானம் மீதி 364 நாளிலிருந்து.

நார்வேயில் 1985இல் ஒரு குன்றின் ஓரமாக 500 கிலோவாட் நிலையம் ஒன்றை, இதே துருத்தி முறையில், உருக்குக் கோபுரமாக நிறுத்தினார்கள். 1988 டிசம்பர் புயல் கோபுரத்தைப் பிடுங்கிக்கொண்டு போனது. ஸ்காட்லாந்தின் வடகரையில் டௌன்ரே அருகே 1995 ஆகஸ்டில் இறக்கிய ஆஸ்ப்ரே என்ற அலைமின் நிலையம், வேலை தொடங்கும் முன்பே கடலுக்கு இரையானது. போர்ச்சுகலில் 2008 செப்டம்பரில் பெலாமிஸ் என்ற சிவப்புக் கடல்பாம்புகள் மூன்று இறங்கின. நூறு மீட்டருக்கு மேல் நீளம், ஒவ்வொன்றும் 750 கிலோவாட். அலை அதன் மூட்டுகளை வளைக்கும். மூட்டுக்குள் இருக்கும் ஹைட்ராலிக் தண்டுகள் எண்ணெயை அழுத்தும். அந்த எண்ணெய் ஹைட்ராலிக் மோட்டார் வழியாக ஜெனரேட்டரைச் சுற்றும். அழகான ஏற்பாடு. இரண்டு மாதத்தில் பேரிங் கோளாறு என்று கரைக்கு இழுத்துவந்தார்கள். பணம் போட்ட நிறுவனமும் அதே நேரத்து நிதி நெருக்கடியில் சரிந்தது. பாம்புகள் கடலுக்குத் திரும்பவில்லை.

பேரிங் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, தெரிந்தவர் வீட்டுத் துக்கம் போல இருந்தது. கடற்கரை ஐஸ் ஆலையிலிருந்து என் கடைக்கு வரும் மோட்டாரைப் பிரித்தால், வாசனையே சொல்லிவிடும். செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு. பேரிங் குண்டுகள் ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஊருக்குள் பத்து வருடம் ஓடுகிற மோட்டார் அங்கே மூன்றாவது வருடம் என்னிடம் வந்துவிடும். அது கரையில், கூரைக்குக் கீழே இருக்கிற மோட்டார். கடல் நடுவில் கிடப்பதை யார் ஸ்பேனர் எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பது? போவதற்குப் படகு வேண்டும், படகு போக அலை அடங்க வேண்டும். அலை நன்றாக இருக்கும் இடம் என்றுதானே இயந்திரத்தை அங்கே வைத்தோம்.

ஆகவே வருடத்துக்கொரு முறை “அலையிலிருந்து மின்சாரம்: புதிய கண்டுபிடிப்பு” என்று செய்தி வரும்போது, எத்தனை கிலோவாட் என்று நான் பார்ப்பதில்லை. எத்தனை மழைக்காலம் தாண்டியது என்று தேடுவேன். ஸ்பெயினின் பாஸ்க் நாட்டு முத்ரிகுவில் 2011 ஜூலையில் தொடங்கிய அலைமின் நிலையம் அந்தத் தேர்வில் தேறியது. துறைமுகத்துக்கு எப்படியும் சுவர் கட்டத்தான் வேண்டும். அந்தச் சுவருக்குள்ளேயே பதினாறு துருத்தி அறைகளை வைத்துவிட்டார்கள். ஒவ்வொன்றிலும் 18.5 கிலோவாட், மொத்தம் 296. சின்னது. ஆனால் ரிப்பேர்காரர் நடந்தே போகலாம்.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கல். கச்சான் என்னும் மேல்காற்று அடிக்கும் மாதங்களில்தான் எங்கள் கடலில் அலை கனக்கும். அதே மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாயும் காற்று முப்பந்தலில் காற்றாலைகளைப் பேய்போலச் சுற்றவைக்கிறது. இரண்டும் ஒரே சீசன் வியாபாரம். காற்றாலைக்கு அடியில் ஜீப்பை நிறுத்தி ஏறிவிடலாம். போட்டியில் யார் ஜெயித்தார்கள் என்பதை நாகர்கோவில்–திருநெல்வேலி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாலே பார்க்கலாம்.

என் தாத்தா கட்டுமரக்காரர். அலை தண்ணீரைக் கொண்டுவருவதில்லை என்று அவர்தான் எனக்குக் காட்டினார். அலை உடையும் இடத்துக்கு வெளியே ஒரு தேங்காய் மட்டையை எறிந்தார். அது ஏறியது, கொஞ்சம் கரைப்பக்கம் வந்தது, இறங்கியது, திரும்பிப் போனது. பத்து அலை கடந்தும் ஏறக்குறைய அங்கேயே கிடந்தது. தண்ணீர் வட்டமடிக்கிறது, ஆட்டம் மட்டும் கைமாறிப் போகிறது. காற்றே இல்லாத நாளில் திடீரென்று கரை ஏறும் கள்ளக்கடலும் அப்படித்தான். தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ஒரு புயல் சில நாளுக்கு முன் கொடுத்த அடி, வழியில் அதிகம் குறையாமல் நம் கரைக்கு வந்து சேர்கிறது. அவர் சொன்ன இன்னொன்று: மேலே எவ்வளவு ஆட்டம் இருந்தாலும் கீழே போனால் கடல் தூங்கும். அலையின் நீளத்தில் பாதி ஆழத்துக்குப் போனால் ஆட்டம் அநேகமாக இல்லை என்று புத்தகத்தில் பிறகு படித்தேன்.

இந்த இரண்டையும் தெரிந்துவைத்துக்கொண்டே, நான் ஒரு மடத்தனம் செய்தேன்.

2022 நவம்பரில் சென்னை ஐஐடி, தூத்துக்குடிக்கு ஆறு கிலோமீட்டர் வெளியே, இருபது மீட்டர் ஆழமுள்ள இடத்தில் சிந்துஜா–1 என்ற மிதவையை இறக்கிய செய்தி வந்தது. நூறு வாட். பலர் கேலி செய்தார்கள். எனக்கு மட்டும் கை அரித்தது. கடையில் கிடந்த பிவிசி குழாயில், சீலிங் ஃபேனுக்குச் சுற்றும் 36 கேஜ் கம்பியை இரண்டாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றினேன். உள்ளே ஸ்பிரிங்கில் தொங்கும் ஒரு காந்தம். எதிரெதிராக மாட்டிய இரண்டு எல்இடி, ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. கையில் பிடித்துக் குலுக்கினால் பளிச் பளிச் என்று எரிந்தது. வலை மிதவையோடு கட்டிக் கடலில் விட்டேன். ஒன்றும் எரியவில்லை.

ஒரு மணி நேரம் தலையைச் சொறிந்த பிறகு புரிந்தது. குழாய் ஏறும்போது காந்தமும் கூடவே ஏறுகிறது. இரண்டும் ஒரே படகில் போகும் பயணிகள். ஒருவரை ஒருவர் கடக்கவே இல்லை. கம்பியைக் காந்தம் கடந்தால்தான் கரண்ட். அலை ஆட்டுவது ஒன்றாகவும் அசையாமல் நிற்பது ஒன்றாகவும் இரண்டு வேண்டும். விழிஞ்ஞத்தில் அசையாதது 3,000 டன் கான்கிரீட். சிந்துஜாவில், மிதவையின் நடுத்துளை வழியே கீழே இறங்கும் நீளத் தண்டு. மிதவை துள்ளும், தண்டு அவ்வளவாகத் துள்ளாது. அந்த வித்தியாசம்தான் வருமானம். தாத்தா சொன்ன தூங்கும் கடலைத் தூணாக ஊன்றிக்கொள்ளும் வித்தை அது.

இரண்டாம் முறை, எங்கள் ஊரில் கடலுக்குள் நீளும் கல்தடுப்பான தூண்டில் வளைவின் கல்லிடுக்கில் இரும்புக் கம்பம் ஒன்றை இறுக்கி, காயிலை அதில் கட்டினேன். காந்தத்தை மட்டும் ஒரு கோலின் வழியாக மிதவையோடு இணைத்தேன். அந்தி நேரம். அலை வந்தது, காந்தம் காயிலுக்குள் நுழையும்போது சிவப்பு, வெளியேறும்போது பச்சை. இறங்கும்போதும் அதே வரிசை: சிவப்பு, பச்சை. கரண்ட் ஒவ்வொரு தடவையும் திசை திரும்புகிறது. மறுபடி மத்துக்கயிறு! இதற்கு மருந்து என் மேசை அறையிலேயே உண்டு. கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோடு நான்கைச் சதுரமாக மாட்டினால் எந்தப் பக்கம் வந்தாலும் ஒரே பக்கம் போகும். மாட்டினேன். ஒரே ஒரு விளக்கு, இரண்டு வாட்டியும் எரிந்தது, ஆனால் மங்கலாக. டயோடுகள் தங்கள் கமிஷனை எடுத்துக்கொண்டன. கடலில் எதையும் ஒழுங்குபடுத்தக் கட்டணம் உண்டு.

பதினொரு நாள் எரிந்தது.

ஜப்பானில் யோஷியோ மசுதா என்பவர் இந்தத் துருத்தி முறையில் விளக்குமிதவைகள் செய்தார். 1965இலிருந்து அவை விற்பனைக்கும் வந்தன. கப்பலுக்கு வழி காட்டும் சின்ன விளக்கு, அதற்கு வேண்டிய சின்னக் கரண்ட், அதைத் தரும் அலை அதே இடத்தில். கம்பி இழுக்க வேண்டாம், யூனிட் விலை பேச வேண்டாம். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகுதான் எல்லோருக்கும் மெகாவாட் ஆசை வந்தது. எடின்பரோவில் ஸ்டீபன் சால்ட்டர், அலையில் தலையாட்டும் வாத்து ஒன்றைத் தொட்டியில் மிதக்கவிட்டு, சோதனை அலையின் சக்தியில் தொண்ணூறு சதவீதம் வரை விழுங்கவைத்தார். 1974இல் உலகமே அதைப் பேசியது. பெரிய வாத்து கடலில் இறங்கவே இல்லை. பிரிட்டிஷ் அரசு 1982இல் பணத்தை நிறுத்தியது.

பன்னிரண்டாம் நாள் மருமகனை அழைத்துக்கொண்டு போனேன். அக்காள் மகன், ஃபைபர் படகில் வலைக்குப் போகிறவன். இரவில் வலை முனையில் மினுக்கு விளக்கு கட்டுவார்கள். பேட்டரி தீர்ந்தால் வலை எங்கே என்று தேட வேண்டும், மேலே வேறு படகு ஏறிவிடும். அவனுக்காகத்தான் இந்த வேலையே. குழாயைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

“மாமா, இங்கே கம்பம் நிற்கிறது. வலை கிடக்கிற இடத்தில் எதில் கட்டுவது?”

கீழே பத்துப் பதினைந்து மீட்டரில் ஒரு தகட்டைத் தொங்கவிட்டால் போதும், அது ஆடாது, அதில் கட்டலாம் என்று விளக்கினேன். தாத்தா சொன்ன தூங்கும் கடலையும் சொன்னேன்.

“தகட்டுக்குக் கயிறு?”

“கயிறுதான்.”

“அந்தக் கயிறு வலையில் சுற்றிக்கொண்டால் யார் பிரிப்பது, நீங்களா?” என்றவன், பைக்குள்ளிருந்து புதிய பேட்டரி விளக்கு ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்துவிட்டுப் படகுப் பக்கம் நடந்தான்.

நான் கம்பத்திலிருந்து காயிலைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்தேன். மேலே சுற்றியிருந்த டேப்பைப் பிரித்தால், பதினொரு நாளில், முதல் சுற்றிலேயே பச்சை. கத்தியை எடுத்துக் களிம்பைச் சுரண்டத் தொடங்கினேன்.